பலாங்கிகா

பலாங்கிகா, பிலிப்பைன்ஸ் நாட்டின் கிழக்குச் சமார் மாகாணத்தில், சமார் தீவின் தென்கரையில் உள்ள சிறிய நகராட்சி. லேய்ட்டே வளைகுடாவை நோக்கி அமைந்த இதன் பரப்பு சுமார் 190 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 14,000. நகராட்சி என்று பெயர் பெற்றிருந்தாலும் இது கிராமங்களின் தொகுப்புதான். நிலத்தின் பெரும்பகுதி குன்றும் காடுமாக இருப்பதால் மக்கள் கரையோரத்திலேயே நெருங்கி வாழ்கிறார்கள். 'பாரங்காய்' எனப்படும் 13 ஊர்ப் பிரிவுகளில் ஆறு, ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய ஊர் நடுவிலேயே அடங்கிவிடுகின்றன. பேச்சுமொழி வாராய், பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

மீன்பிடிப்பும் தென்னையும் ஊரின் பிழைப்பு. தேங்காயை உடைத்து உலர்த்திக் கொப்பரையாக விற்கிறார்கள். தென்னங்கள்ளுக்கு இங்கே 'துபா' என்று பெயர். அலையாத்தி மரப்பட்டைத் தூள் கலப்பதால் அது செந்நிறமாகிறது; பல மாதம் வைத்து முதிரவிட்டால் துவர்ப்பேறிய மதுவாகிறது.

ஸ்பானியர் ஆட்சியில் கிறித்தவ சபைத் துறவிகளின் பொறுப்பில் வளர்ந்த இவ்வூரின் பங்கு ஆலயம், வேதசாட்சியான புனித லாரன்ஸின் பெயரில் உள்ளது. ஆலயத்தின் மூன்று வெண்கல மணிகளில் 1853, 1889, 1895 ஆகிய ஆண்டுகளும் பிரான்சிஸ்கன் சபையின் சின்னமும் பொறிக்கப்பட்டுள்ளன. இன்று தனி நகராட்சிகளாக உள்ள லவாவானும் கிப்போர்லோசும் ஒரு காலத்தில் பலாங்கிகாவைச் சேர்ந்தவை.

1898இல் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. ஏற்கெனவே சுதந்திரம் அறிவித்திருந்த மக்கள் புதிய எஜமானரை ஏற்கவில்லை, போர் மூண்டது. 1901 மார்ச்சில் தலைவர் எமிலியோ அகினால்டோ பிடிபட்ட பிறகும், சமார் தீவில் ஜெனரல் விசென்டே லுக்பான் தலைமையில் கெரில்லாப் போர் ஓயவில்லை. அவர் படைக்கு உணவும் பொருளும் போய்ச் சேராமல் துறைமுகத்தை அடைக்க, 1901 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவின் 9ஆம் காலாட்படைப் பிரிவின் 'சி' கம்பெனி பலாங்கிகாவில் வந்திறங்கியது. அதன் தலைவர் கேப்டன் தாமஸ் கானல்.

முதல் சில வாரங்கள் அமைதியாகவே கழிந்தன. பின்னர் ஊரைத் துப்புரவு செய்வதற்காகக் கானல் ஆண்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, இரவில் இரண்டு கூடாரங்களில் நெருக்கி அடைத்தார். வீடுகளிலிருந்த போலோ அரிவாள்கள் பறிக்கப்பட்டன. சேமித்து வைத்த அரிசியும் போயிற்று. இதையடுத்து நடந்த எழுச்சியை வெளியிலிருந்து வந்த கெரில்லாக்களின் சதி என்று மட்டும் சொல்வது போதாது. பட்டினிக்கும் அவமானத்துக்கும் ஆளான ஒரு ஊர் தானே எடுத்த முடிவு அது.

1901 செப்டம்பர் 28 காலை, படைவீரர்கள் உணவருந்திக்கொண்டிருந்தபோது, ஊர்க்காவல் தலைவர் வலேரியானோ அபனடோர் ஒரு காவல் வீரனின் துப்பாக்கியைப் பறித்து அவனை அடித்து வீழ்த்தினார். ஆலய மணி ஒலித்தது. அதுவே அடையாளம். வேலைக்கு வந்தவர்களும், பெண் வேடத்தில் ஆலயத்தில் காத்திருந்த ஆண்களும் அரிவாளோடு பாய்ந்தார்கள். 74 வீரர்களில் 48 பேர் மாண்டனர். கானலும் மற்ற அதிகாரிகளும் தப்பவில்லை. உயிர் பிழைத்தவர்கள் படகேறி பாசேய் ஊருக்குத் தப்பினர். மறுநாளே திரும்பிவந்த அமெரிக்கப் படை ஊரைக் கொளுத்தியது.

பழிவாங்கல் அதோடு நிற்கவில்லை. படைத்தலைவர் ஜேக்கப் ஸ்மித், சமாரின் உட்பகுதியை ஊளையிடும் பாழ்நிலமாக்கும்படியும், பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் ஏந்தக்கூடிய எவரையும் விட்டுவைக்க வேண்டாம் என்றும் மேஜர் லிட்டில்டன் வாலருக்கு ஆணையிட்டார். வாலர் அதை அப்படியே நிறைவேற்றவில்லை. ஆயினும் வீடுகள் எரிந்தன, கால்நடைகள் அழிந்தன, உணவு கிடைக்காமல் போயிற்று. இறந்த பொதுமக்களின் தொகை பற்றிய மதிப்பீடுகள் சில ஆயிரத்திலிருந்து பல பத்தாயிரம் வரை வேறுபடுகின்றன. 1902இல் இராணுவ நீதிமன்றம் ஸ்மித்தைக் குற்றவாளி எனத் தீர்த்தது. கிடைத்த தண்டனை ஒரு கண்டனம். பின்னர் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அவருக்குக் கட்டாய ஓய்வு அளித்தார். அமெரிக்க நூல்கள் நெடுங்காலம் 'பலாங்கிகா படுகொலை' என்று குறித்தது செப்டம்பர் 28ஐ மட்டுமே. அந்தச் சொல் அதற்குப் பின் நடந்தவற்றுக்கே கூடுதலாகப் பொருந்தும். பிலிப்பைன்ஸ் சட்டம் அந்நாளை 'பலாங்கிகா மோதல் நாள்' என்றே அழைக்கிறது. 1989 முதல் மாகாணத்தில் அது விடுமுறை.

எரிந்த ஊரிலிருந்து படையினர் மூன்று மணிகளையும் வெற்றிச் சின்னமாக எடுத்துச் சென்றனர். இரண்டு, வயோமிங் மாநிலத்தின் ஷையென் நகரிலுள்ள படைத்தளத்தை அடைந்தன. மூன்றாவது, 9ஆம் காலாட்படையோடு இடம் மாறி, கடைசியில் தென்கொரியா போய்ச் சேர்ந்தது. 1990களில் அதிபர் ஃபிடல் ராமோஸ் மணிகளைத் திரும்பக் கேட்டார். அவை போரில் இறந்த வீரர்களின் நினைவுச் சின்னம் என்று அமெரிக்க முன்னாள் படைவீரர் சிலர் எதிர்த்தனர், கோரிக்கை இழுபட்டது. லேய்ட்டேயைச் சேர்ந்த ஆய்வாளர் ரோலாண்டோ பொரினாகா போன்றோர் ஆவணங்களைத் தேடி எழுதியதால் ஊரின் தரப்பும் வெளியே தெரியவந்தது.

இடையே இன்னொரு பேரழிவு. 2013 நவம்பர் 8 அன்று 'யோலாண்டா' என்று உள்ளூரில் பெயரிடப்பட்ட ஹையான் சூறாவளி, கிழக்கே உள்ள குய்வானில் விடியுமுன் கரையேறி, பலாங்கிகாவைச் சூறையாடியது. வீடுகள் கூரை இழந்தன, தென்னந்தோப்புகள் சாய்ந்தன. வீட்டைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம். நட்ட தென்னை காய்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொப்பரையை நம்பிய குடும்பங்களை அதிகம் வருத்தியது அதுதான்.

2017 ஜூலையில் அதிபர் ரொட்ரிகோ டுடெர்டே நாடாளுமன்ற உரையில் மணிகளை மீண்டும் கோரினார். அமெரிக்கச் சட்டத் தடை நீங்கியபின், 2018 டிசம்பர் 11 அன்று மூன்று மணிகளும் மணிலாவில் வந்திறங்கின. டிசம்பர் 15 அன்று பலாங்கிகாவில் ஊர் மக்கள் முன்னிலையில் அவை ஒப்படைக்கப்பட்டு ஒலிக்கப்பட்டன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் வைகறைத் திருப்பலிகள் மறுநாள் விடியலில் தொடங்கின.