ஸ்டாலினின் மகள் கங்கைக்கரைக்கு வந்தபோது

ஃபிர்அவ்னின் மாளிகையில் வளர்ந்த மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டறிகின்றனர். எனினும் மூஸா நபி அவனுக்குப் பிறந்தவரல்லர். கொடுங்கோலனுக்கே பிறந்த பிள்ளை எங்கே தப்பிச் செல்லும்?

ஸ்டாலின் என்னும் பெயரை நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் பலர் தம் பிள்ளைகளுக்கு விரும்பிச் சூட்டியுள்ளனர். அப்பெயரை 1957-இல் உதறிவிட்டுத் தாயின் குடும்பப் பெயரான அல்லிலுயேவாவை ஏற்றவர், சோவியத் அதிபர் ஸ்டாலினின் ஒரே மகள் ஸ்வெத்லானா.

1932-இல் தாய் இறந்தபோது அவருக்கு வயது ஆறு. நோயால் இறந்ததாகச் சொல்லி வளர்த்தனர். அது தற்கொலை என்பதைப் பதின்ம வயதில் ஓர் ஆங்கில இதழைப் படித்தே அறிந்தார். பதினேழாம் வயதில் அவர் நேசித்த திரைக்கதை எழுத்தாளர் காப்ளரைத் தந்தையின் அரசு கைது செய்தது. காப்ளர் பத்தாண்டுகளைத் தண்டனையில் கழித்தார். 1944-இல் செச்சென், இங்குஷ் முஸ்லிம்கள் சுமார் 5 லட்சம் பேரும், பின்னர் கிரிமியத் தாத்தாரியரும் தாய்மண்ணிலிருந்து பெயர்த்தெறியப்பட்டனர். அக்கொடுமையை நாம் மறப்பதற்கில்லை. ஆனால் அதன் கணக்கை அந்தப் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் கேட்பது நீதியாகுமா?

தந்தை இறந்து பத்தாண்டு கழித்து, மாஸ்கோ மருத்துவமனையொன்றில் உத்தரப் பிரதேசத்துக் காலாகாங்கரைச் சேர்ந்த பிரஜேஷ் சிங்கைச் சந்தித்தார். இருவரும் மணம் புரிய அரசு இசையவில்லை. 1966-இல் அவர் இறந்தபின், அஸ்தியைக் கங்கையில் கரைக்க மட்டும் ஸ்வெத்லானாவை இந்தியாவுக்கு அனுப்பினர். அவரோ இங்கேயே தங்கிவிட விரும்பினார். சோவியத் நட்பை இழக்க விரும்பாத நம் அரசு கைகொடுக்கவில்லை. (இதை நம் வரலாற்றுப் பெருமைகளுள் சேர்க்க இயலாது.) 1967 மார்ச் 6 அன்று மாலை, டெல்லியில் ஒரு வாடகைக் காரில் அமெரிக்கத் தூதரகம் சென்று அடைக்கலம் கேட்டார். மாஸ்கோவில் மகன் யோசிஃபும் மகள் கத்யாவும் தாயின் வரவுக்காகக் காத்திருந்தனர்.

அவ்வாண்டு வெளியான தம் நூலில் தந்தையின் குற்றங்களில் பெரும்பங்கை உளவுத்துறைத் தலைவர் பெரியாவின் மீது சுமத்தினார். இதை நாம் ஏற்பதற்கில்லை. தாத்தாரியரை வெளியேற்றும் ஆணையில் கையொப்பமிட்டவர் ஸ்டாலினே. 1969-இல் வந்த அடுத்த நூலில் தந்தையையே கண்டித்தார். எல்லை கடந்ததைவிட இதுவே அவருக்குக் கடினமாக இருந்திருக்கும்.

1984-இல் தாயகம் திரும்பினார். கத்யா அவரைச் சந்திக்க மறுத்துவிட்டார். 1986-இல் மீண்டும் அமெரிக்கா சென்றார். 2011-இல் அங்கு இறந்தபோது அவர் பெயர் லானா பீட்டர்ஸ். செய்தித்தாள்கள் அவரை ஸ்டாலினின் மகள் என்றே குறிப்பிட்டன.