ஓர் அறை கூட்டிக் கட்ட: கடியப்பட்டணக் கரையில் கட்டட அனுமதியும் மனை உரிமையும்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில், முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே, வள்ளியாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டியுள்ள கடற்கரை ஊர் கடியப்பட்டணம். இங்கே வீட்டோடு ஓர் அறை சேர்த்துக் கட்ட அனுமதி கேட்கும் மீனவக் குடும்பம் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். மனை யாருடையது? அது கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? முதல் கேள்விக்குரிய விடை பட்டா. அதை வழங்க வேண்டியது வருவாய்த் துறை. இரண்டாவதற்குரிய விடை கடற்கரை மண்டல வரைபடம். அதைத் தயாரிக்க வேண்டியது மாநில அரசு. இரண்டையும் தர வேண்டிய அரசு தராமல் விட்டுவிட்டு, அவை இல்லை என்பதையே காரணமாக்கி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறது. பிறகு அந்த அறை எழும்பினால் அதற்கு ‘விதிமீறல்’ என்று பெயர்.

மீனவர்கள் பட்டியல் சாதியினர் அல்லர். ஆயினும் இது தலித் அரசியலுக்கு வெளியே நிற்கும் செய்தியும் அன்று. உள்நாட்டுக் காலனிகளில் இரண்டு மூன்று சென்ட் மனையில் வாழும் குடும்பங்களும் இதே முதல் கேள்வியில்தான் தடுக்கி விழுகின்றன. அதோடு, இன்னார் இவ்வளவுக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்ற விதி இந்த மண்ணுக்குப் புதிதுமன்று. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின், பகுதியாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் சாணார்கள் மாடி வைத்து வீடு கட்டக் கூடாது என்பது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது என்பவற்றோடு சேர்ந்த சாதிக் கட்டளை. லண்டன் மிஷன் ஊழியர் சாமுவேல் மெட்டீர் இவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். 1855 வரை சட்டப்படியே அடிமைகளாக இருந்த புலையர், பறையர் ஆகியோருக்கு நிலையான சுவர் என்பதே எட்டாப் பொருள். மலையாள நாட்டில் வீட்டின் பெயரே சாதியைச் சொன்னது: நம்பூதிரிக்கு இல்லம், அரசனுக்குக் கொட்டாரம், நாயருக்கு வீடு, அடிமைச் சேறுமனுக்குச் சாளை. வில்லியம் லோகன் 1887இல் வெளியான தமது மலபார் நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். இன்றைய கட்டட விதிகளில் சாதிப் பெயர் இல்லை. ஆனால் அவை கேட்கும் சான்றுகள், யாரிடம் நிலம் இருந்தது, யாரிடம் இல்லை என்ற அந்தப் பழைய கணக்கின் மீதே நிற்கின்றன.

அறை எதற்கு என்பதையும் பார்க்க வேண்டும். மானிடவியலாளர் கல்பனா ராம் 1980களில் கடியப்பட்டணத்தில் களப்பணி செய்து, 1991இல் முக்குவர் பெண்கள் பற்றிய நூலை வெளியிட்டார். திருமணத்துக்குப் பிறகும் பெண்கள் பிறந்த வீட்டாரின் அருகிலேயே வாழ்வதும், குடும்பத்தின் பணப்புழக்கமும் கடனும் அவர்கள் கைவழியே நடப்பதும் அந்நூலில் விரிவாக வருகின்றன. இத்தகைய ஊரில் மகளின் திருமணம் என்பது வீட்டோடு ஓர் அறை சேர்வது. அது ஆடம்பரத்துக்கான விரிவாக்கம் அன்று, உறவு முறையின் தேவை. உள்நாட்டில் நிலைமை வேறு வகையில் இதே இடத்துக்கு வருகிறது. அரசு கட்டித் தந்த தொகுப்பு வீடுகள் ஒரே அறையும் திண்ணையுமாக இருந்தன. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத்தின் அளவும் 360 சதுர அடிதான். பிள்ளைகள் வளர்ந்தால் அந்த வீடு போதாது என்பதைச் சொல்லப் பொறியாளர் தேவையில்லை.

அனுமதி எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை? வெள்ளையடித்தல், பூச்சு, தரை மாற்றுதல், உடைந்த ஓடு மாற்றுதல் போன்ற பராமரிப்புப் பணிகளுக்குத் தேவையில்லை. புதிய சுவர் எழுப்பித் தளப்பரப்பைக் கூட்டினாலும், மேல்தளம் கட்டினாலும் தேவை. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும், 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதற்கு அடிப்படை. விண்ணப்பம் உள்ளாட்சி அமைப்புக்குச் செல்ல வேண்டும். எந்த உள்ளாட்சி என்று ஐயம் எழுந்தால் வீட்டு வரி ரசீதைப் பார்த்தால் போதும். ரசீது கொடுத்த அமைப்புதான் அனுமதி தர வேண்டிய அமைப்பும். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர், இணையத்தில் ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தி, உடனே அனுமதி பெறலாம். நல்ல ஏற்பாடுதான், பத்திரமும் பட்டாவும் கையில் இருப்பவருக்கு. மேலும், மாநிலத்தின் சுயசான்று மைய அரசின் கடற்கரை அறிவிக்கையை ரத்து செய்துவிடாது. கடலோரத்தில் இருப்பவர் கணினி தந்த அனுமதியை நம்பிக் கட்டினால், ‘தவறான உறுதிமொழி’ என்ற பழி பின்னால் அவர் மீதே விழும்.

பட்டாவில் பல வகை உண்டு. நத்தம் குடியிருப்பு நிலம் என்றால் நத்தம் பட்டா. ஆதிதிராவிடர் நலத் துறை நிலம் எடுத்து வழங்கிய மனை என்றால் நிபந்தனைப் பட்டா. விற்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதில் இருக்கும், கட்டக் கூடாது என்று இராது. அலுவலகங்களில் இந்த இரண்டையும் குழப்புவது வழக்கம். ‘நிபந்தனைப் பட்டாவுக்கு அனுமதி கிடையாது’ என்று வாய்மொழியாகச் சொன்னால், எந்த நிபந்தனை, எந்த வரி என்று எழுத்தில் கேட்க வேண்டும். பட்டாவே வராத காலனிகள் மூன்றாம் வகை. நிலம் கையகப்படுத்தி, மனை பிரித்து, ஒப்படைப்பு ஆணையும் கொடுத்த பிறகு, அதை வருவாய்க் கணக்கில் ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அங்கே முதல் மனு கட்டட அனுமதிக்கு அன்று. வட்டாட்சியருக்கு, கணக்குத் திருத்தம் கோரி. கடற்கரை ஊர்களில் தலைமுறைகளாக வீடு நிற்கும் மணல், கணக்கில் புறம்போக்கு என்றே கிடப்பதும் இதே கதைதான்.

இனி இரண்டாம் கேள்வி. இங்குதான் சட்டம் அடர்த்தியாகிறது. மக்களிடம் சொல்லப்படுவதற்கும் சட்டத்தில் உள்ளதற்கும் இடைவெளியும் இங்குதான் மிகுதி.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரி 19இல் வந்தது. 2011 ஜனவரி 6இலும் 2019 ஜனவரி 18இலும் அது மாற்றி எழுதப்பட்டது. 2019 அறிவிக்கையின்படி மாநிலத்தின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டம் புதுப்பிக்கப்பட்டு நடைமுறைக்கு வரும் வரை 2011 விதிகளே செல்லும். எனவே அலுவலரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் மனைக்கு எந்த ஆண்டின் அறிவிக்கையைப் பொருத்துகிறீர்கள்?

2011 அறிவிக்கையில் ஊரகக் கடற்கரை மூன்றாம் வகை. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சி தடை மண்டலம். அங்கே, ஏற்கெனவே அனுமதி பெற்ற கட்டடத்தைப் பழுது பார்க்கலாம், இடித்துக் கட்டலாம். ஆனால் இருக்கும் அடித்தளப் பரப்பும் தளப்பரப்புக் குறியீடும் கூடக் கூடாது. அதாவது கூடுதல் அறைக்கும் மாடிக்கும் இடமில்லை. 200 முதல் 500 மீட்டர் வரை, பாரம்பரிய உரிமைக்கும் வழக்காற்றுப் பயன்பாட்டுக்கும் உட்பட்ட மீனவக் குடியிருப்புகளில் 9 மீட்டர் உயரத்துக்கு மிகாமல், தரைத்தளமும் மேல் ஒரு தளமுமாகக் கட்டலாம்.

‘200 மீட்டருக்குள் ஒன்றும் கட்ட முடியாது’ என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. அதே 2011 அறிவிக்கை, 100 முதல் 200 மீட்டர் வரையிலான பகுதியில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடற்கரைச் சமூகத்தாரின் வீடுகளைக் கட்ட அனுமதிக்கலாம் என்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை. மாநில அரசு அச்சமூகத்தாரைக் கலந்து, பேரிடர் பாதுகாப்பும் சுகாதார ஏற்பாடும் அடங்கிய முழுமையான திட்டம் ஒன்றைத் தயாரித்து மைய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஆக, அந்தத் திட்டம் இல்லாத ஊரில் தடையாக நிற்பது சட்டம் அன்று, அரசு எழுதாத திட்டம். மீனவச் சமூகங்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு விரிவான திட்டம் வகுக்க வேண்டும் என்ற கடமையும் மாநிலங்கள் மீது சுமத்தப்பட்டுள்ளது. 2019 அறிவிக்கைக்கான வரைவு வரைபடங்கள் மீது 2023இல் தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் கருத்துக் கேட்பு நடந்தபோது மீனவர் அமைப்புகள் எழுப்பிய முதன்மையான எதிர்ப்பு இதுவே: ஊர்களும் படகு நிறுத்தும் இடங்களும் வரைபடத்தில் இல்லை, வீட்டுத் தேவைத் திட்டமும் இல்லை.

2019 அறிவிக்கை சில இடங்களில் கைகொடுக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரையில் தடை மண்டலம் 50 மீட்டராகச் சுருங்குகிறது. நெரிசல் மிகுந்த குமரிக் கடற்கரைக்கு இது பெரிய மாற்றம். (இதே தளர்வைச் சுற்றுலா விடுதிகளும் எதிர்பார்த்திருக்கின்றன என்பதால் மீனவர் அமைப்புகள் இதை ஐயத்தோடு பார்க்கின்றன, அந்த ஐயம் நியாயமானது.) மேலும், 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு மாநிலக் கடற்கரை ஆணையத்தின் பரிந்துரை தேவையில்லை, உள்ளாட்சியே அறிவிக்கையின் நோக்கில் பரிசீலித்து அனுமதி தரலாம். 300 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 3,230 சதுர அடி. ஆழிப்பேரலைக்குப் பின் கட்டித் தரப்பட்ட வீடு அதில் பத்தில் ஒரு பங்கு. பேரூராட்சி எல்லைக்குள் வரும் கடற்கரை இரண்டாம் வகையாகக் குறிக்கப்பட்டிருந்தால், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடங்களுக்கோ நிலப்பக்கமாகக் கட்டத் தடையில்லை.

அனுமதியே இல்லாமல் நிற்கும் பழைய வீடுகளுக்கு 2011 அறிவிக்கையின் ஆறாம் பத்தியில் ஒரு வழி உண்டு. 1991 விதிகளின்படி கட்டத் தக்கதாயிருந்தும் முறையான ஒப்புதல் பெறாமல் போன பாரம்பரியக் கடற்கரைச் சமூகத்தாரின் வீடுகளை முறைப்படுத்தலாம். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அச்சமூகத்துக்கு வெளியே விற்கக் கூடாது என்பவை மட்டுமே நிபந்தனைகள். இதன் முக்கியத்துவம் எளிது: வீடு ‘அனுமதி பெற்றது’ ஆனால்தான் அதைப் பழுது பார்க்கும் உரிமையே பிறக்கிறது. அறை கூட்டிக் கட்டுவதற்கு முன்னால் நிற்கும் வீட்டை முறைப்படுத்தக் கோருவதே அறிவு.

இவ்வளவு நுணுக்கமாக மீட்டர் அளக்கும் அதே அறிவிக்கை, கடற்கரை மண்டலத்துக்கு வெளியே கிடைக்காத அரிய கனிமங்களைத் தோண்ட விலக்கு அளித்திருக்கிறது. கடியப்பட்டணத்துக்கு அடுத்த மணவாளக்குறிச்சியில் 1909இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் மோனசைட்டைக் கண்டறிந்தார். இன்று மைய அரசின் இந்திய அருமணல் ஆலை அங்கே இயங்குகிறது. மணலை அள்ளலாம், அதே மணல் மேல் நிற்கும் வீட்டில் ஓர் அறை சேர்க்க மூன்று அலுவலகங்கள் ஏற வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் 2005 மார்ச்சில் வந்த வருவாய்த் துறை அரசாணை எண் 172 இந்த முரணை வெளிப்படையாக எழுதியது. 200 மீட்டருக்குள் சேதமடைந்த வீட்டுக்காரர் வெளியே போகச் சம்மதித்தால் 1.50 லட்சம் ரூபாய் மதிப்பில் புதிய வீடு. பழைய மனையையும் வீட்டையும் அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். சம்மதிக்காதவர் இருந்த இடத்திலேயே தம் செலவில் பழுது பார்த்துக் கொள்ளலாம், உதவி கிடையாது. கடலை விட்டு விலகினால் தொழில் போகும், விலகாவிட்டால் வீடு போகும். கேரளத்தில் 50 மீட்டருக்குள் வாழும் மீனவர் இடம்பெயர ‘புனர்கேகம்’ திட்டம் 10 லட்சம் தருகிறது. கடற்கரை விதியை மீறிய மரடு அடுக்ககங்கள் 2020 ஜனவரியில் இடிக்கப்பட்டபோது ஒவ்வொரு உரிமையாளருக்கும் 25 லட்சம் இடைக்கால இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. தெரிந்தே மீறிய கட்டுமான நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கும் அறிவிக்கைக்கு முன்பிருந்தே வாழ்பவருக்கும் உள்ள விலை வேறுபாடு இது.

அனுமதி இல்லாத அறைக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. கடல் அரித்தாலோ புயல் அடித்தாலோ இழப்பீட்டுக் கணக்கில் அது இராது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளின் கீழ் அகற்றவும் நிறுத்தவும் அறிவிப்பு வரலாம். அதை எதிர்த்து முறையிட வழி உண்டு. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், 15 நாள் முன்னறிவிப்பும் நேரடி விசாரணையும் காரணம் கூறும் ஆணையும் இன்றி எந்த வீட்டையும் இடிக்கக் கூடாது என்றது. ஆனால் சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களிலும் ஆறு, நீர்நிலைகளிலும் உள்ள கட்டடங்களுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. புறம்போக்கு என்ற ஒற்றைச் சொல் கணக்கில் நீடிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த விலக்கு காட்டுகிறது. பட்டியல் சாதியினரின் வீட்டுமனைக்காக நிலம் எடுத்ததை எதிர்த்து நிலவுடைமையாளர்கள் தொடுத்த சமேலி சிங் வழக்கில், உறைவிடம் என்பது வெறும் கூரை அன்று, போதிய இடமும் வெளிச்சமும் காற்றும் நீரும் அடங்கியது என்று அதே நீதிமன்றம் விளக்கியது. அறை கேட்கும் மனுவில் மேற்கோளாகச் சேர்க்கத் தகுந்த தீர்ப்பு அது.

விண்ணப்பத்துக்கு முன் சேகரிக்க வேண்டியவை: பழைய வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்பு அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் நகல். கடற்கரை ஊர்களில் பங்கு ஆலயத்தின் குடும்பப் பதிவேடும் உதவும். அது மனை உரிமையை நிறுவாது, குடியிருப்பின் பழமையைச் சொல்லும். உயர் அலைக் கோட்டிலிருந்து தம் புல எண் எவ்வளவு தூரம் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், வரைபட நகலோடு கேட்க வேண்டும். காலடி வைத்து அளந்த தூரம் ஏற்கப்படாது. மறுப்பு வந்தால் காரணத்தோடு எழுத்தில் பெற வேண்டும். 2011 அறிவிக்கையின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கடற்கரைக் குழுவில் பாரம்பரியக் கடற்கரைச் சமூகத்தார் குறைந்தது மூவர் இடம்பெற வேண்டும். கன்னியாகுமரி மாவட்டக் குழுவில் அந்த மூவர் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், வீடுகளை முறைப்படுத்தக் கோரும் எத்தனை மனுக்களைப் பரிசீலித்தார்கள் என்பதையும் அதே சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கட்டணத்தில் எந்த மாணவரும் கேட்டுப் பெறலாம்.