கடலில்லாத நகரமும் கடலின் படமும்

தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகளுக்கிடையே, கடல்மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், வங்கக் கடலின் மிக அருகான கரைக்கும் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் அமைந்துள்ள ஹைதராபாத் நகரத்தைக் கடலின் சரித்திரத்தோடு இணைத்துப் பேசுவது முதற்பார்வைக்கு விசித்திரமாகவே தோன்றும். ஆயினும், இந்தியக் கடற்கரைகள் அடைந்துவரும் மாறுதல்களைப் படங்களாகவும் அலைகளின் எழுச்சியைக் கணக்காகவும் நாள்தோறும் பதிவுசெய்துவரும் இரண்டு பெரும் நிலையங்கள் இந்நகரத்தில்தான் இருக்கின்றன. கடலைப் படம்பிடிக்கும் கலை எவ்வாறு வளர்ந்து, அலையோசை கேளாத இவ்வூரை வந்தடைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1591இல் இந்நகரத்தை நிர்மாணித்த கோல்கொண்டா சுல்தான்களுக்குக் கடல் அந்நியமானதன்று. கிருஷ்ணா நதி கடலோடு கலக்கும் இடத்தருகே இருந்த மசூலிப்பட்டினம் அவர்களுடைய பிரதான துறைமுகமாக விளங்கிற்று. தெலுங்கு நாட்டு வர்ணத் துணிகள் பாரசீகத்துக்கும் கீழ்த்திசைத் தீவுகளுக்கும் அங்கிருந்தே கப்பலேறின. ஆங்கிலேயர் 1611இல் பண்டகசாலை ஏற்படுத்தியதும் அங்கேதான். பிற்காலத்தில் ஹைதராபாத்தை ஆண்ட நிஜாம்களின் வசமிருந்த அக்கரைப் பிரதேசத்தின் பெரும்பகுதி 1766ஆம் வருஷத்து உடன்படிக்கையாலும், எஞ்சிய குண்டூர்ப் பகுதி 1788இலும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் சென்றுவிட, ஹைதராபாத் சமஸ்தானம் நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்ட ராஜ்யமாயிற்று. அந்த மசூலிப்பட்டினத்தை 1864 நவம்பர் முதல் தேதியன்று வீசிய புயலும் அதனோடு பொங்கி எழுந்த கடலும் தாக்கியபோது, ஏறத்தாழ முப்பதாயிரம் உயிர்கள் மாண்டன.

அக்காலத்தில் புகைப்படக் கலை பிறந்து இருபத்தைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட அக்கலைக்கு அசையாத பொருள்களே உகந்தவையாக இருந்தன. கோபுரமும் மலையும் தெளிவாகப் பதிந்த தகட்டில் கடல் மட்டும் வெண்ணிறப் பனிமூட்டமாய்க் கரைந்துபோயிற்று. 1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை, ஒளி விழவேண்டிய நேரத்தைப் பெரிதும் குறைத்தது. அம்முறையைக் கைக்கொண்டு பிரான்ஸ் தேசத்துக் குஸ்தாவ் லெ க்ரே என்பவர் 1856, 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்படங்கள் ஐரோப்பாவைப் பிரமிக்கச் செய்தன. ஸெத் என்னும் துறைமுகத்தில் கற்சுவரின்மீது மோதி எழும் அலையை அவர் அப்படியே நிறுத்திக் காட்டினார். கடலுக்கு ஏற்ற ஒளியளவு வானத்துக்கு மிகுதியாகிவிடும் என்பதை அறிந்திருந்தபடியால், சில படங்களில் வானத்தைத் தனித் தகட்டிலும் நீரைத் தனித் தகட்டிலும் பதித்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து அச்சிட்டார். ஆகவே, அலையின் சௌந்தர்யத்தை முதன்முதல் பிரசித்தமாக்கிய படங்களுட் சில, எந்த ஒரு கணத்திலும் இயற்கையில் இருந்திராத காட்சிகளே.

நம் நாட்டிலும் நிலைமை இதுவே. 1856இல் சென்னை அரசாங்கத்தின் படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், மதுரையையும் தஞ்சையையும் காகித நெகடிவுகளில் ஒப்பற்ற முறையில் பதித்தவர். வானம் வெறுமையாய் விழுந்த படங்களில் மேகங்களைத் தம் தூரிகையாலேயே நெகடிவின்மீது தீட்டிச் சேர்த்தவரும் அவரே. பின்னர் 1871இல் ரிச்சர்ட் லீச் மடாக்ஸ் கண்டறிந்த உலர்தகட்டு முறை அடுத்த பத்தாண்டுகளில் செம்மையுற்றபோதுதான், ஒரு நொடியின் சிறு பகுதியில் படமெடுப்பது எல்லோருக்கும் சாத்தியமாயிற்று. அந்த யுகத்தில் ஹைதராபாத்துக்கு வந்து சேர்ந்தவர் ராஜா தீன் தயாள். 1844இல் மீரட்டை அடுத்த சர்தானாவில் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் கற்று, இந்தூரில் மராமத்து இலாகாவில் ஊழியம் புரிந்த அவர், 1880களில் செகந்திராபாத்தில் நிலையம் திறந்து, ஆறாம் நிஜாமான மகபூப் அலி கானின் அரசவைப் படக்காரராகி, முசவ்வர் ஜங் என்ற விருதையும் பெற்றார். அரண்மனைகளையும் வேட்டைகளையும் படைப் பயிற்சிகளையும் பதித்த அவருடைய கண்ணாடித் தகடுகளில் 2,857ஐ இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989இல் பெற்றுப் பாதுகாத்திருப்பதனால்தான், அக்காலத்து ஹைதராபாத்தை இன்று நாம் கண்ணால் காண முடிகிறது.

இனி, அலை வேறு, கரை வேறு என்பதைக் கவனிக்கவேண்டும். அலை நொடியில் மாறுவது. கரை ஆண்டுகளில் மாறுவது. முன்னதைப் பிடிக்க விரைவான கருவி வேண்டும். பின்னதைப் பிடிக்க ஒரே இடத்தை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப நோக்கும் பொறுமை வேண்டும். இதற்குச் சென்னையே சிறந்த சான்று. கப்பல்கள் கடலில் தொலைவே நங்கூரமிட்டு நிற்க, ஆணியே இன்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளில் மனிதரும் சரக்கும் அலைகளைக் கடந்து கரை சேர்ந்த அவ்வூரில், 1875இல் துறைமுகச் சுவர்களுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் வருஷத்துப் புயல் அவற்றைச் சிதைத்தும், வேலை மீண்டும் தொடர்ந்து நிறைவேறிற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகளால் வடக்கே தள்ளப்படும் மணல், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புவதைக் காட்டிலும் மிகுதி. அந்த மணலோட்டத்தைச் சுவர்கள் மறிக்கவே, தெற்கே மெரீனா ஆண்டுக்காண்டு அகன்றது. வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. மெரீனாவின் விஸ்தாரத்தை இயற்கையின் வரப்பிரசாதமென வியக்கும் நாம், அதில் பெரும்பங்கு துறைமுகச் சுவரின் விளைவென்பதையும், அதற்கு விலை கொடுத்தவர்கள் வடக்கே வாழ்ந்த மீனவ மக்களென்பதையும் பழைய படங்களையும் புதிய படங்களையும் அருகருகே வைத்தால்தான் உணர்வோம்.

இப்பொறுமையான நோக்கை இயந்திரத்துக்குக் கற்பித்த ஊர் ஹைதராபாத். 1974இல் தோற்றுவிக்கப்பட்டு இன்று தேசியத் தொலையுணர்வு மையமாக விளங்கும் நிறுவனம், நகரத்தை அடுத்த ஷாத்நகரில் ஏற்பிகளை நிறுவி, செயற்கைக்கோள்கள் அனுப்பும் படங்களைப் பெற்றுவருகிறது. 1988 மார்ச்சில் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ, 22 நாட்களுக்கு ஒருமுறை அதே கரையின் மேலே ஏறத்தாழ அதே பொழுதில் கடந்து சென்றது; இடம் மாறாமல், வேளையும் மாறாமல் நோக்கும் இந்த ஒழுங்கு எந்த மனிதப் படக்காரருக்கும் கைகூடாதது. 1999இல் ஓஷன்சாட் கடலின் நிறத்தையே நோக்கும் கண்ணோடு விண்ணேறிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அதற்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட செயற்கைக்கோள் படங்கள்தாம் நிக்கோபார்த் தீவுகளின் கரைகள் எவ்வளவு மூழ்கின என்பதை முதலில் உணர்த்தின. இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் நீருக்குள் சென்றிருந்தது.

எனினும் அத்துணை உயரத்திலிருந்து தனியோர் அலையின் எழுச்சியை அளந்துவிட முடியாது. அப்பணியை, 1999இல் இதே நகரத்தில் நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மேற்கொண்டது. கடலில் மிதக்கும் மிதவைகள் அலையின் ஏற்ற இறக்கத்தை அளந்து அனுப்ப, அவற்றைக் கொண்டு வரவிருக்கும் நாட்களின் அலையுயரத்தை அது முன்னறிவிக்கிறது. 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் அங்கிருந்தே செல்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் புயல்களால் பிறந்து, காற்றே இல்லாத தெளிந்த நாளில் நம் கரையில் திடீரெனப் பொங்கும் அலைகளைத் தென்கோடி மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் அத்தகைய அலையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தபோது, ஹைதராபாத்திலிருந்து அதற்கான எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அலையின் அழகைக் காணச் செல்பவர் அதன் அறிவிப்பையும் கண்டு செல்லவேண்டுமென்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

லெ க்ரேயின் கலை ஒரு கணத்தை நிறுத்திற்று. ஷாத்நகரின் ஏற்பிகள் காலத்தின் ஓட்டத்தைக் காட்டுகின்றன. இவ்விரண்டில் அழகால் முன்னதே உயர்ந்ததென்றாலும், சரித்திரத்துக்குப் பயன்படுவது பின்னதே. செயற்கைக்கோள் பிறப்பதற்கு முந்தைய ஒரு நூற்றாண்டின் கரைகளோ குடும்ப ஆல்பங்களிலும் ஸ்டூடியோப் பெட்டிகளிலுமே பெரும்பாலும் எஞ்சியிருக்கின்றன. ஆதலின் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில் பழைய கடற்கரைப் படம் ஒன்றிருப்பின், அது எந்த ஊர், எந்த ஆண்டு, எந்தத் திசையை நோக்கி எடுத்தது என்பதை முதியோர் உயிரோடிருக்கும்போதே கேட்டு, அதன் பின்புறம் எழுதிவையுங்கள். தேதியில்லாத படம் ஓர் அலங்காரம் மாத்திரமே. தேதியுள்ள படம் ஓர் ஆவணம்.