உடையக் கூடாத சுமை: ஒரு பழைய கார்ட்டூனும் வடசென்னைப் பார்வையும்

எம்.ஜி.எம். நிறுவனம் 1940 பிப்ரவரியில் வெளியிட்ட 'புஸ் கெட்ஸ் தி பூட்' பத்து நிமிடம்கூட ஓடாத படம். வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் உருவாக்கிய டாம் அண்ட் ஜெர்ரி வரிசைக்கு இதுவே முதல் படம். பூனைக்கு இதில் ஜாஸ்பர் என்று பெயர். அடி விழுகிறது, வலிப்பதில்லை, அதனால் சிரிக்கிறோம் என்பது இவ்வகைப் படங்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். இந்தப் படத்துக்கு அது போதவே போதாது.

வீட்டு வேலைக்காரி பூனையை எச்சரிக்கிறாள்: இனி ஒரு பொருள் உடைந்தாலும் வெளியே போக வேண்டியதுதான். அதுவரை அடிபட்டுக்கொண்டிருந்த எலிக்கு அந்த ஒரு விதி போதும். ஒரு கண்ணாடிக் கோப்பையை மேசை விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறது. பூனை உறைந்து நிற்கிறது. பிறகு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூனையின் கைகளில் ஏறுகின்றன. அடுக்கு சாய்கிறது, பூனையும் கூடவே சாய்ந்து அதை நிமிர்த்துகிறது. பார்ப்பவரின் தோளும் தன்னையறியாமல் சாயும் இடம் அது. கடைசியில் எலி விடும் ஓர் உதையில் எல்லாம் சிதறுகிறது.

உயிருள்ள உடல் இயந்திரம்போல் விறைத்துப்போகும்போது சிரிப்பு பிறக்கிறது என்று ஆன்ரி பெர்க்சன் 1900இல் எழுதினார். தட்டுகளைத் தாங்கும் பூனையிடம் அந்த விறைப்பு எங்கே? உடம்பு முழுக்கக் கவனமாகிவிட்ட நிலை அல்லவா அது! வடசென்னையின் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் முடிந்த கூடையைச் சும்மாட்டின்மேல் ஏற்றிக்கொண்டு, ஐஸ் நீர் கழுத்தில் வடிய, ஈரத்தரையில் கூட்டத்தைப் பிளந்து நடப்பவரின் கழுத்திலும் முழங்காலிலும் இதே கவனத்தைக் காணலாம். சுமை தூக்கிப் பழகியவருக்குத் தட்டடுக்கு எந்தப் பக்கம் சரியும் என்பது பூனைக்கு முன்பே தெரிந்துவிடும். சிரிப்பு முன்கூட்டியே தொடங்குவது அதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படத்தில் பூனையின் உடல் எத்தனை அடி வாங்கினாலும் பழையபடி ஆகிவிடுகிறது. பீங்கான் மட்டும் உடைந்தால் உடைந்ததுதான். வேலையாளின் உடம்புக்குக் கணக்கில்லை, சரக்குக்குக் கணக்கு உண்டு. சரக்குத் துறைமுகங்கள் நெடுங்காலம் இயங்கிய விதமும் ஏறத்தாழ இதுவே. 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டமும் அதன்வழி அமைந்த வாரியமும் காலூன்றும்வரை, கப்பல் சரக்கை ஏற்றி இறக்குவது பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சி வேலை. மேஸ்திரி கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வேலையைவிட்டு நீக்க ஓலைகூட வேண்டியதில்லை.

எச்சரிப்பவளும் முதலாளி அல்ல என்பது படத்தின் கூர்மையான இடம். அவளும் கூலிக்காரியே, முதலாளி திரைக்கு வருவதே இல்லை. (கறுப்பினப் பணிப்பெண்ணை முகம் காட்டாத கேலி உருவாக வரைந்தது அக்கால அமெரிக்காவின் இனவெறிப் பழக்கம். படத்தை எவ்வளவு ரசித்தாலும் அதை மழுப்ப முடியாது.) எலிக்குச் சொந்த பலம் ஏதுமில்லை. மேலிடத்து விதியைப் பிடுங்கி, அதற்குக் கட்டுப்பட வேண்டிய பூனைமீதே திருப்புகிறது.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு சித்திக் இயக்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' (2001). அங்கும் ஒரு பெரிய வீடு, உடையக் கூடாத பழம்பொருள்கள், வேலைக்கு வந்த ஆட்கள்; கண்டிராக்டர் நேசமணியாக வடிவேலு. ஆனால் தமிழ்ப்படம் ஒரு படி மேலே ஏறுகிறது. 1940இன் கார்ட்டூனில் விதியைச் சொல்பவள்மீது ஒரு துரும்பும் படுவதில்லை. இங்கோ, தனக்குக் கீழ் வேலை பார்ப்பவனின் கை நழுவிய சுத்தியல் நேராக மேஸ்திரியின் மண்டையில் விழுகிறது. 2019 மே மாதம் நேசமணி நலம்பெற வேண்டி இணையமே கேலியாகப் பிரார்த்தித்தபோது, தலைப்புச் செய்தியானது அடிபட்ட அந்தக் கண்டிராக்டர்தான். சுத்தியலைத் தவறவிட்டவனை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி யாரும் இயக்கம் நடத்தவில்லை.