நீரடி ஸ்கூட்டர்

நீரடி ஸ்கூட்டர் என்பது முக்குளிப்பவரை நீருக்குள் இழுத்துச் செல்லும் கையடக்கக் கருவி. மின்கலத்தால் சுழலும் விசிறியே இதன் விசை. போர்க்கருவியாகத் தோன்றிய இது, இன்று பொழுதுபோக்கு ஸ்கூபா முக்குளிப்பவர்கள் சொந்தமாக வாங்கும் பொருளாகியுள்ளது.

நீருக்குள் நீந்துவது மூச்சைத் தின்னும் வேலை. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பவர்கள் இதை அறிந்திருந்தனர். தொல்லாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில், கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலூன்றி அவர்கள் விரைந்து இறங்கினர். அடியைத் தொட்டதும் படகில் இருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். ஏறக்குறைய ஒரு நிமிட மூச்சு முழுவதும் சிப்பி பொறுக்கவே மிஞ்சியது. தூத்துக்குடியில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது.

கல் கீழே மட்டுமே கொண்டுபோகும். பக்கவாட்டில் செல்ல இயந்திரம் தேவைப்பட்டது. 1918 நவம்பர் 1 அன்று இத்தாலியர்களான ரொசெட்டியும் பவோலுச்சியும் மாற்றியமைத்த டார்பிடோ ஒன்றைப் பற்றிக்கொண்டு போலா துறைமுகத்துள் புகுந்து, விரிபுஸ் யூனிடிஸ் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தனர். சுவாசக் கருவி இல்லாததால் அவர்கள் தலை நீருக்கு மேலேயே இருந்தது. 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாவில் ஆறு இத்தாலியர்கள் மேம்பட்ட ஊர்திகளில் நீருக்கடியில் சென்று இரு பிரித்தானியப் போர்க்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தனர். இதன்பின் பிரித்தானியரும் 'சாரியட்' என்ற இருவர் ஊர்தியைக் கட்டினர்.

சாரியட்டுகள் ஈழத்துக் கடலுக்கும் வந்தன. 1944 அக்டோபரில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட டிரெஞ்சண்ட் நீர்மூழ்கி இரு சாரியட்டுகளைச் சுமந்து சென்றது. அவற்றில் ஏறிய நால்வர், ஜப்பானியர் வசமிருந்த புக்கெட் துறைமுகத்தில் இரு கப்பல்களுக்கு வெடிவைத்துவிட்டுத் திரும்பினர். அக்காலத்தில் இத்தகைய வீரர்கள் தூய ஆக்சிஜனைச் சுவாசித்ததால் சுமார் 10 மீட்டருக்குக் கீழே நச்சுத்தன்மை அபாயம் இருந்தது. ஊர்தியால் ஆழம் போக முடிந்தாலும் அதில் அமர்ந்தவரால் முடியவில்லை.

1950களில் திமித்ரி ரெபிகோஃப் நீரடிப் படப்பிடிப்புக்காக ஒருவர் பயன்படுத்தும் மின்சார ஊர்திகளை உருவாக்கினார். 1965இல் வெளியான 'தண்டர்பால்' திரைப்படம் இக்கருவியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. ஆனால் ஈய அமில மின்கலத்தின் எடையும் விலையும் சாதாரண முக்குளிப்பவருக்குக் கட்டுப்படியாகவில்லை. லித்தியம் அயனி மின்கலம் மலிந்த பிறகே கருவி பைக்குள் அடங்கியது.

மலிவான கருவிகளின் விளம்பரங்கள் வேகத்தையே முன்னிறுத்துகின்றன. வாங்குபவர் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது ஆழ வரம்பு. சிறுவர் விளையாட்டுக் கருவிகள் சில மீட்டர் ஆழத்துக்கு மட்டுமே உரியவை. தொடக்கநிலைச் சான்றிதழ் பெற்றவர் 18 மீட்டர் வரை இறங்கலாம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர். மட்டக்களப்புக்கு அப்பால் 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. 40 மீட்டர் வரம்புள்ள கருவி அங்கே உதவாது.

அடுத்தது மின்கலம். பயணிகள் விமானத்தில் 100 வாட் மணிநேரம் வரையிலான லித்தியம் மின்கலம் பொதுவாக அனுமதிக்கப்படும். 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேல் இடமில்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்குப் பறப்பவருக்கு இந்த எண்ணே விலையை விட முக்கியம். கருவி கையை விட்டால் வேகமாக மூழ்கவோ மேலெழும்பவோ கூடாது என்பதையும் நீரில் சோதித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

நொடிக்கு ஒரு மீட்டர் செல்லும் கருவியை மேல்நோக்கித் திருப்பினால் நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் ஏறும். பல பயிற்சி அமைப்புகள் பரிந்துரைப்பதோ 9 மீட்டர் அளவே. மூச்சை அடக்கியபடி இப்படி ஏறினால் நுரையீரல் கிழியலாம். உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மேலேறும்போது விசையை நிறுத்திவிட்டுத் துடுப்புக் காலணியால் ஏறுவதே வழக்கம். மின்கலம் நடுவழியில் தீர்ந்தாலும், எஞ்சிய காற்றைக் கொண்டு நீந்தித் திரும்பக்கூடிய தொலைவைத் தாண்டிச் செல்லக்கூடாது.