ராபின்சன் குரூசோ: கிறித்தவக் குறியீடுகளும் மனமாற்றமும்

ராபின்சன் குரூசோ, ஆங்கில எழுத்தாளர் டேனியல் டிஃபோ (சுமார் 1660–1731) எழுதி 1719 ஏப்ரல் 25 அன்று லண்டனில் வெளியான நாவல். கப்பல் உடைந்து ஆளில்லாத் தீவில் ஒதுங்கிய மனிதன் தன் கைகளாலேயே வாழ்வை அமைத்துக்கொள்ளும் சாகசக் கதையாக இது உலகெங்கும் பெயர் பெற்றது. கடவுளை மறந்து திரிந்த ஒருவன் தன் பாவத்தை உணர்ந்து மனந்திரும்பும் கதையும் இதுவே. விதைப்பதும் வேலி கட்டுவதும் காய்ச்சலில் கிடப்பதும் அந்த மனந்திரும்புதலின் படிகளாகவே இதில் வருகின்றன. சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்புகளில் பெரும்பாலும் மனந்திரும்புதல் பகுதிகள் நீக்கப்படுவதால், பலருக்கும் பாதிக் கதைதான் தெரிந்திருக்கிறது.

ஆசிரியரும் மரபும்

டிஃபோ, இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து விலகி நின்ற பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் வளர்ந்தவர். நியூயிங்டன் கிரீனில் சார்லஸ் மார்ட்டன் நடத்திய கல்விக்கூடத்தில் போதகர் பணியை நோக்கிப் படித்தார். பிறகு வணிகத்துக்குப் போனார். சமய அரசியல் பற்றி எழுதிய ஒரு துண்டுநூலுக்காக 1703இல் பொது இடத்தில் தண்டனை மரத்தில் நிறுத்தப்பட்டார்.

அவர் வளர்ந்த சூழலில், அன்றாட நிகழ்ச்சிகளில் கடவுளின் கரத்தைத் தேடி நாட்குறிப்பு எழுதுவது பக்தர்களின் வழக்கம். ஜான் பனியனின் ஆன்மிகத் தன்வரலாறு 1666இல் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்டது. குரூசோ தீவில் நாட்குறிப்பு எழுதுவதும், தன் நிலையின் நன்மை தீமைகளை வரவு செலவுக் கணக்குபோல எதிரெதிரே பதிவதும் இந்த மரபிலிருந்து வந்தவை. அந்தக் கணக்கில் வணிகர் டிஃபோவும் சமயவாதி டிஃபோவும் ஒருசேரத் தெரிகிறார்கள்.

மீறலும் எச்சரிக்கையும்

யார்க் நகரில் 1632இல் பிறந்த குரூசோ, நடுத்தர வாழ்வே நிம்மதி என்ற தந்தையின் அறிவுரையை மீறி 1651 செப்டம்பர் 1 அன்று ஹல் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறான். இதையே அவன் பின்னர் தன் ஆதிப் பாவமாகக் கருதுகிறான். ஊதாரி மைந்தன் உவமையும், கடவுளின் கட்டளைக்குத் தப்பிக் கப்பலேறிய யோனாவின் கதையும் இங்கே வெளிப்படையாகவே பேசப்படுகின்றன. முதல் பயணத்திலேயே புயலில் கப்பல் மூழ்க, குரூசோ இருக்கும் கப்பலில் இனி கால் வைக்கமாட்டேன் என்கிறார் அந்தக் கப்பலின் தலைவர். கடலில் செய்த வேண்டுதல் கரை சேர்ந்ததும் மறந்துபோகிறது. மூர் கடற்கொள்ளையரிடம் அடிமைப்பட்டு மீண்ட பிறகும் அவன் மாறவில்லை. பிரேசிலில் தோட்டம் வைத்துச் செழித்தவன், கினியாவில் அடிமைகளை வாங்கி வரப் புறப்பட்டு, 1659 செப்டம்பர் 30 அன்று ஒரினோகோ ஆற்று முகத்துக்கு எதிரேயுள்ள தீவில் தனியனாகக் கரை ஒதுங்குகிறான். அவன் பிறந்ததும் ஒரு செப்டம்பர் 30. பழைய வாழ்வு முடிந்து புதிய பிறப்பு தொடங்கும் நாளாக டிஃபோ அதை அமைக்கிறார்.

வாற்கோதுமைக் கதிர்கள்

கோழித் தீவனம் இருந்த ஒரு பையைக் குரூசோ குப்பையென்று பாறையோரம் உதறிவிடுகிறான். மழைக்குப் பிறகு அங்கே பத்துப் பன்னிரண்டு வாற்கோதுமைக் கதிர்கள் நிற்கின்றன. தனக்காகவே கடவுள் செய்த அற்புதம் என்று கண்ணீர் விடுகிறான். பையை உதறியது நினைவுக்கு வந்ததும் நன்றியுணர்வு வடிந்துவிடுகிறது. எலி தின்றது போக நல்ல விதைகள் சில மிஞ்சியதும், அவை நிழலுள்ள இடத்தில் விழுந்து வெயிலுக்குத் தப்பியதும் தெய்வ பராமரிப்பே என்பதைப் பின்னர்தான் உணர்கிறான். இயற்கையின் காரணங்கள் வழியாகவே கடவுள் செயல்படுகிறார் என்ற புராட்டஸ்டன்ட் கருத்து, ஒரு பிடி தானியத்தில் முழுமையாக வெளிப்படும் இடம் இது.

காய்ச்சலும் மனந்திரும்புதலும்

1660 ஜூனில் குரூசோவுக்குக் குளிர்க்காய்ச்சல் வருகிறது. கருமேகத்திலிருந்து நெருப்பாக இறங்கும் ஒருவன், மனந்திரும்பாததற்காகத் தன்னைக் கொல்ல ஈட்டி ஓங்குவதாகக் கனவு காண்கிறான். மறுநாள் மருந்துக்காகப் புகையிலையைத் தேடிப் பெட்டியைத் திறந்தவன், உடைந்த கப்பலிலிருந்து காப்பாற்றி வைத்திருந்த வேதாகமத்தையும் அதில் காண்கிறான். உடலுக்கும் ஆன்மாவுக்கும் மருந்து ஒரே பெட்டியில் கிடைக்கிறது. புத்தகத்தைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது 50ஆம் சங்கீதம். ஆபத்தில் கூப்பிடுபவனை விடுவிப்பதாகக் கடவுள் வாக்களிக்கும் பகுதி. அன்றிரவு வாழ்நாளில் முதன்முறையாக முழங்காலிட்டு ஜெபிக்கிறான். ஜூலை 4 முதல் புதிய ஏற்பாட்டை ஒழுங்காகப் படிக்கத் தொடங்குகிறான். தீவிலிருந்து மீள்வதையே விடுதலை என்று எண்ணியிருந்தவனுக்குப் பாவத்திலிருந்து மீள்வதே பெரிய விடுதலை என்று தெளிகிறது. தீவு சிறையாகவே நீடிக்க, அதில் இருப்பவன் மாறிவிடுகிறான்.

காலடித் தடம்

இந்த மனமாற்றம் ஒரே இரவில் முடிந்துவிடுவதில்லை. சுமார் 15 ஆண்டுகள் கழித்து மணலில் ஒற்றைக் காலடித் தடத்தைக் கண்டதும், சாத்தானின் தடமோ என்று நடுங்குகிறான். அச்சத்தில் நம்பிக்கை குலைகிறது. தன் வேலிகளையே பிடுங்கி எறியலாமா என்றுகூட யோசிக்கிறான். பிறகு அதே சங்கீத வாக்கு நினைவுக்கு வந்து அவனைத் தேற்றுகிறது. தீவுக்கு வந்துபோகும் நரமாமிசம் உண்போரைக் கொன்றுவிடத் திட்டமிட்டவன், அவர்களுக்குத் தீர்ப்பு வழங்குவது கடவுளுக்கே உரியது என்று பின்வாங்குவதும் இந்த நெடிய போராட்டத்தின் பகுதி.

ஃப்ரைடே

தீவு வாழ்வின் 25ஆம் ஆண்டில் நரமாமிசம் உண்போரிடமிருந்து காப்பாற்றப்படும் ஃப்ரைடே என்ற இளைஞனுக்குக் குரூசோ கிறித்தவம் கற்பிக்கிறான். கடவுள் அவ்வளவு வல்லவரென்றால் சாத்தானை ஏன் கொன்றுவிடவில்லை என்று ஃப்ரைடே கேட்கும்போது, குரூசோ கேட்காததுபோல் நடித்து, அவனை ஏதோ வேலையாக அனுப்பிவிட்டு ஜெபிக்கிறான். கற்பிப்பவன் தானும் கற்கத் தொடங்கும் இக்காட்சி நாவலின் நேர்மையான பகுதிகளுள் ஒன்று. ஃப்ரைடே தன்னைவிட நல்ல கிறித்தவன் ஆனதாகக் குரூசோவே ஒப்புக்கொள்கிறான்.

மனமாற்றத்தின் எல்லை

தந்தைக்குக் கீழ்ப்படியாததை நினைத்து மீண்டும் மீண்டும் வருந்தும் குரூசோ, அடிமை வணிகத்தைப் பாவமாக எண்ணுவதில்லை. கினியாப் பயணத்தை நினைத்து அவன் நொந்துகொள்வதும், பொறுத்திருந்தால் அடிமைகளைத் தோட்டத்து வாசலிலேயே வாங்கியிருக்கலாம் என்ற கணக்கால்தான். மூர்களிடமிருந்து தன்னோடு தப்பி வந்த சிறுவன் சூரியை அறுபது வெள்ளி நாணயங்களுக்குக் கைமாற்றும்போதும், அவன் கிறித்தவனானால் பத்தாண்டில் விடுதலை என்ற நிபந்தனை போதுமானதாகக் குரூசோவுக்குத் தோன்றுகிறது. தன் விடுதலைக்காக அத்தனை உருகிய மனிதனுக்குப் பிறர் விடுதலை கண்ணில் படாதது, நாவலின் ஆன்மிகத்தில் உள்ள ஆழமான குறை. அக்கால ஐரோப்பியக் கிறித்தவத்தில் பெரும்பகுதிக்கும் இந்தக் குறை இருந்தது.

விமர்சன மரபு

1720இல் வந்த மூன்றாம் பாகத்தில், குரூசோவின் குரலிலேயே இக்கதைக்கு உருவகப் பொருள் உண்டு என்று டிஃபோ வாதிட்டார். கார்ல் மார்க்ஸ் 'மூலதனம்' நூலில் குரூசோவின் உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஜெபங்களை ஒதுக்கினார். இலக்கிய விமர்சகர் இயன் வாட் 1957இல் அவனைப் பொருளாதாரத் தனிமனிதனாக விளக்கினார். ஜி. ஏ. ஸ்டார் (1965), ஜே. பால் ஹன்டர் (1966) ஆகியோரின் ஆய்வுகள் நாவலை மீண்டும் ஆன்மிகத் தன்வரலாற்று மரபில் நிறுத்தின. ஒரே பெட்டியில் புகையிலையையும் வேதாகமத்தையும் வைத்த எழுத்தாளரைப் புரிந்துகொள்ள, உழைப்பு, ஜெபம் ஆகிய இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.