இஞ்சினுக்குள் ஒரு சுத்தியல்

கார் வந்த புதிதில் ஓட்டுநர்களைப் படாதபாடு படுத்திய நோய் ஒன்று உண்டு. மேட்டில் ஏறும்போது இஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் டொக் டொக் என்று சத்தம். இழுவை குறையும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டனே பாழாகும். இதுதான் 'நாக்கிங்'.

அன்றைய வைத்தியம்? ஸ்டியரிங்கை ஒட்டியிருந்த ஒரு நெம்புகோலை நகர்த்தி, பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் சிலிண்டருக்குள் படிந்த கரியைச் சுரண்டுவார்கள். சத்தம் குறையும், நோய் போகாது.

1912 காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் தந்தவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் நாக்கிங்குக்குக் காரணம் என்று பழி வந்தது. 1916-இல் தன்னிடம் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லியிடம் இந்தச் சிக்கலைக் கொடுத்தார். ஆராய்ந்தால் தீப்பொறிமேல் தவறில்லை! தீ பரவும்போதே, மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடிக்கிறது. குற்றவாளி எரிபொருள்தான்.

சிவப்பு நிறம் கலந்தால் எரிபொருள் சீக்கிரம் சூடேறும், நாக்கிங் நிற்கும் என்று ஒரு விசித்திர ஊகம். சாயம் கையில் இல்லாததால் அயோடினைக் கலந்தார்கள். சத்தம் நின்றது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களைக் கலந்தால்... ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்தது நிறமல்ல, அயோடின். அதுவோ விலை அதிகம், உலோகத்தையும் அரிக்கும்.

தேடல் தொடர்ந்தது. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட் என்ற காரீயச் சேர்மம் சிக்கியது. ஒரு காலனுக்கு சுமார் 3 மில்லி போதும்!

பி.காம் படிக்கும் எனக்கு இங்கேதான் சுவாரசியம். எத்தனால், அதாவது சாராயம், கலந்தாலும் நாக்கிங் நிற்கும் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் நிறைய கலக்க வேண்டும். தவிர, சாராயத்தை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். காரீய மருந்துக்குக் காப்புரிமை உண்டு. 1924-இல் ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் சேர்ந்து தனி கம்பெனி தொடங்கின. வைத்த பெயர் 'எத்தில்'. காரீயம் என்ற பேச்சே இல்லை!

அதே ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் 5 தொழிலாளர்கள் காரீய நஞ்சேறி இறந்தார்கள். அந்த மாதமே மிட்ஜ்லி பத்திரிகையாளர்கள் முன் அந்தத் திரவத்தில் கை கழுவி, முகர்ந்தும் காட்டினார். 1923 தொடக்கத்தில் அவரே காரீய பாதிப்புக்காக ஓய்வெடுத்தவர்! 1925-இல் விற்பனை நின்றது. 1926-இல் மீண்டும் தொடங்கியது. கார்களுக்கான காரீயப் பெட்ரோல் உலகில் கடைசியாக நின்றது 2021-இல், அல்ஜீரியாவில்.

காலனுக்கு 3 மில்லி என்பது மலிவான செலவுதான். குழந்தைகளின் மூளைக்குள் போன காரீயத்தை மட்டும் எந்த லெட்ஜரிலும் எழுதவில்லை. அன்று ஓரங்கட்டிய எத்தனாலைத்தான் இன்று நம்மூர் பங்க்குகளில் பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிறார்கள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?